‘நரம்பு டாக்டர்’ ஆவது எப்படி?

வாழ்த்துகள். மாவட்ட மனநலத் திட்டத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்கள். ஆர்டரில் உளவியலாளர், மனநல சமூகப் பணியாளர், மனநல மருத்துவர் என்று எது அச்சாகியிருந்தாலும் சரி, தாலுகா ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டியதும் நீங்கள் ‘நரம்பு டாக்டர்’. எம்.எஸ்.டபிள்யூ. படித்தவர்கள் முதல் வாரம் “நான் டாக்டர் இல்லீங்க” என்று திருத்திப் பார்ப்பார்கள். இரண்டாவது வாரம் விட்டுவிடுவார்கள். விடுவதே நல்லது. “நரம்பு டாக்டரைப் பாக்க வந்தேன்” என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிக்கொள்ள முடிகிறவரைதான் அந்த அம்மா உங்கள் ஓ.பி.க்கு வருவார். வாசலில் ‘மனநலப் பிரிவு’ என்று பெரிய எழுத்தில் பலகை மாட்ட ஆசையாக இருந்தால் மாட்டுங்கள். பின்வாசல் ஒன்று இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கொஞ்சம் வரலாறு தெரிந்திருக்கட்டும். ஆய்வுக்கு வருகிற அதிகாரி கேட்கமாட்டார், ஆனால் பேரணியில் மைக் கொடுத்தால் பேசுவதற்கு வேண்டும். தேசிய மனநலத் திட்டம் 1982-ல் வந்தது. அதை மாவட்டங்களுக்குக் கொண்டுபோகும் திட்டம் 1996-ல். 1794-லேயே தொடங்கிய சென்னை மனநல மருத்துவமனையைத் தமிழ் சினிமா ‘கீழ்ப்பாக்கம்’ என்ற ஒற்றை வசவாக்கி வைத்திருக்கிறது. அங்கே வண்டி ஏற்றாமல், ஊர்ப் பக்கத்திலேயே மாத்திரையும் ஆறுதலும் கிடைக்கட்டும் என்பது திட்டத்தின் நோக்கம். நோக்கத்தில் கிண்டல் செய்ய ஒன்றுமில்லை. 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி பெரியவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருந்தது. நோயைப் பொறுத்து அவர்களில் 70 முதல் 90 சதவீதம் பேர்வரை சிகிச்சைக்கே வந்திருக்கவில்லை. வராத அத்தனை பேரும் ஒரு செவ்வாய்க்கிழமை காலை கிளம்பி வந்துவிட்டால் உட்காரவைக்க உங்களிடம் மூன்று நாற்காலிகள் உண்டு, அதில் ஒன்று கை உடைந்தது. விழிப்புணர்வுப் பிரசாரத்தை அளவோடு செய்யவும்.

அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மனம் விட்டுப் பேசுவதற்கு அமைதியும் தனிமையும் உள்ள இடம் தேவை என்று படித்திருப்பீர்கள். பரீட்சையில் அதற்கு ஐந்து மார்க். உங்களுக்கு ஒதுக்கப்படும் அறை மற்ற நாள்களில் தடுப்பூசி அறையாக இருக்கும். உங்கள் நாளிலும் தடுப்பூசி ஃபிரிட்ஜ் அங்கேயேதான் இருக்கும். கணவன் செத்ததிலிருந்து தூங்கவில்லை என்று வந்த ஒரு பெண் முக்கால் மணி நேரமாகச் சொல்லாததைச் சொல்ல வாயெடுப்பார். அந்த நேரம் பார்த்துக் கதவு திறக்கும். “ஒரு நிமிஷம் சார், வாக்சின் எடுத்துக்கறேன்” என்று செவிலியர் வருவார். அழுதுகொண்டிருக்கும் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஃபிரிட்ஜ் கதவு திறக்க வசதியாகத் தன் நாற்காலியைத் தானே நகர்த்திக் கொடுப்பார். செவிலியர் போனதும் அழுகை தொடருமா என்றால், பெரும்பாலும் தொடராது. “அவ்வளவுதான் சார், தூக்கத்துக்கு மட்டும் மாத்திரை குடுங்க” என்பார்.

இதற்குத் தீர்வு, செவிலியரிடம் சண்டை போடுவதல்ல. அவர் ஊசி போடாவிட்டால் குழந்தைக்குத் தட்டம்மை வரும். காலை ஒன்பது மணிக்கே போய், அன்றைக்குத் தேவையான தடுப்பூசிகளை ஐஸ் பாக்ஸில் எடுத்து வைத்துக்கொள்ளும்படி அவரிடம் கெஞ்சுங்கள். இந்தக் கெஞ்சலுக்கு எந்தப் பாடத்திட்டத்திலும் பெயர் கிடையாது. ஆனால் நீங்கள் கற்ற எல்லாச் சிகிச்சை முறைகளையும்விட அதிகப் பலன் தருவது இதுதான்.

அடுத்தது ரிப்போர்ட். மாதக் கடைசியில் ஒரு படிவம் அனுப்ப வேண்டும். தீவிர மனநோய், சாதாரண மனநோய், வலிப்பு, குடி, தற்கொலை முயற்சி என்று கட்டங்கள். புதியவர் எத்தனை, பழையவர் எத்தனை, ஆண் எத்தனை, பெண் எத்தனை. “சார், உங்க பிளாக்ல இந்த மாசம் நம்பர் கம்மியா இருக்கே” என்று அலுவலகத்திலிருந்து போன் வரும். மூன்று பேர் உடம்பு தேறி வேலைக்குப் போய்விட்டார்கள் என்று பெருமையோடு சொல்லிவிடாதீர்கள். தேறியவருக்குக் கட்டம் இல்லை. வந்தவருக்குத்தான் கட்டம். திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை கிடைத்துச் சம்பாதிக்கப் போனவரும், மாத்திரையை நிறுத்தி வீட்டுப் பின்கட்டில் பூட்டி வைக்கப்பட்டிருப்பவரும், செத்துப்போனவரும் ரெஜிஸ்டரில் ஒரே மாதிரிதான் இருப்பார்கள்: ‘தொடர்ந்து வரவில்லை’.

இந்த மூன்றில் எது என்று தெரிந்துகொள்ள ஒரே வழி கிராம சுகாதார செவிலியர். அவரிடம் பெயர், தெரு எதுவும் சொல்ல வேண்டியதில்லை. “அந்த ஊசி போடுற பையன்” என்றால் போதும். “ஆடு மேய்க்கப் போறான் சார், நல்லாத்தான் இருக்கான்” என்பார். இல்லையென்றால் குரலைத் தாழ்த்தி, “ராத்திரியெல்லாம் தூங்கறதில்லையாம் சார், கிணத்து மேட்டுல உக்காந்திருக்கான்” என்பார். இரண்டாவது பதில் வந்த அன்று கிளம்பிப் போக வேண்டும். திட்ட வண்டிக்கு அன்றைக்கு டீசல் இருக்காது. டவுன் பஸ் உண்டு. நீங்கள் ஓ.பி.யில் இல்லாத அந்த அரை நாளுக்கு எண்ணிக்கை குறையும், போன் வரும். அந்தப் பையனை நீங்கள் வார்த்தை சொல்லிக் கூட்டிவந்து மறுபடி மருந்து தொடங்க வைத்தால், படிவத்தில் ‘பழையவர் – 1’. அதற்கு மேல் யாரிடமும் பாராட்டு எதிர்பார்க்காதீர்கள். செவிலியருக்கு மட்டும் ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். அவருடைய வேலைப் பட்டியலில் கர்ப்பிணிகள், குழந்தைகள், சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் இருக்கின்றன. உங்கள் ஆள் கிணற்று மேட்டில் உட்கார்ந்திருப்பதைக் கவனிப்பது அவராகச் செய்கிற உபகாரம்.

மருந்து விஷயத்தில் அதிகம் சொல்வதற்கில்லை. மனநோய்க்கான ரிஸ்பெரிடோன் இருக்கும்போது அதனால் வரும் கை நடுக்கத்துக்கான டிரைஹெக்ஸிபெனிடில் இருக்காது. அது வந்து சேரும்போது ரிஸ்பெரிடோன் தீர்ந்திருக்கும். இரண்டும் இருக்கும் மாதத்தில் ஃபார்மஸிஸ்ட் லீவில் இருப்பார். இன்டென்ட் போடுவதற்கு மூன்று மாதம் முன்னதாகவே யோசிக்கப் பழகுங்கள். அதிகமாக எழுதினால் “காலாவதியாயிடுச்சுன்னா யார் பொறுப்பு?” என்பார்கள், குறைவாக எழுதினால் நோயாளி கேட்பார். ஃபார்மஸிஸ்ட் கேட்பது தணிக்கைக்குப் பயந்து, நோயாளி கேட்பது கை நடுங்கிக்கொண்டு.

இப்போது சான்றிதழ். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி மனநோயும் ஓர் ஊனம். அதை அளக்க ‘ஐடியாஸ்’ என்று ஓர் அளவுகோல் இருக்கிறது. தன்னைப் பராமரித்துக்கொள்வது, பிறரோடு பழகுவது, பேச்சும் புரிதலும், வேலை என்று நான்கு தலைப்பு. ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து நாலு. நோய் எத்தனை வருஷம் என்பதற்கு இன்னொரு நாலு. மொத்தம் 20. அதில் ஏழு எடுத்தால் 40 சதவீதம். அந்த 40 வந்தால்தான் சலுகைகளுக்குக் கதவு திறக்கும். ஆறு என்றால் லேசான பாதிப்பு, வீட்டுக்குப் போகலாம். பள்ளிக்கூடத்தில் பெயிலானவர்கள் பாஸாகிற ஒரே பரீட்சை இது என்று நண்பர் ஒருவர் சொல்வார். தப்பு. இதிலும் நம் ஆள்கள் பெயிலாவார்கள். அதற்குக் காரணம் அம்மாக்கள்.

சான்றிதழ் முகாம் நாளன்று பாருங்கள். பன்னிரண்டு வருஷமாக நோயில் இருக்கும் மகனை விடியற்காலை எழுப்பி, தலைக்கு ஊற்றி, சவரம் செய்வித்து, போன தீபாவளிச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டி, நெற்றியில் திருநீறு வைத்து, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வருவார் அம்மா. பெரிய டாக்டர்கள் வருகிறார்கள், அழுக்காகவா கொண்டுபோய் நிறுத்துவது? மெடிக்கல் போர்டில் இருக்கும் மருத்துவர் நிமிர்ந்து பார்ப்பார். பளிச்சென்று ஒருவர் நிற்பார். “தானே குளிப்பாரா?” அம்மா உடனே, “அதெல்லாம் குளிப்பான் சார், சுத்தமா இருப்பான்.” தன்னைப் பராமரித்தல்: பூஜ்யம். “வேலைக்குப் போறாரா?” “போவான் சார், போன வைகாசில கூட நாலு நாள் கட்டட வேலைக்குப் போனான்.” அந்த நாலு நாள் கூலி சதவீதத்தை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கும். பெற்ற பிள்ளையைப் பற்றி ஊரார் முன்னால் குறை சொல்லக்கூடாது என்று வாழ்நாள் முழுக்கக் காத்துவந்த மானம், ஐந்து நிமிஷத்தில் மகனுக்கு உதவித்தொகை இல்லாமல் ஆக்கிவிடும்.

உங்கள் வேலை, முகாமுக்கு முந்தைய வாரமே அந்த அம்மாவைத் தனியாக உட்காரவைத்துக் கேட்பது. குளிப்பானா என்று கேட்காதீர்கள். “நீங்க ஊருக்குப் போயிட்டா யாரு குளிக்க வைப்பா?” என்று கேளுங்கள். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லமாட்டார். பிறகு சொல்வார்: ஊருக்கே போவதில்லை, தங்கை மகள் கல்யாணத்துக்குக்கூடப் போகவில்லை, பல் தேய்க்கக்கூடப் பக்கத்தில் நின்று சொல்ல வேண்டும், ராத்திரி வாசல் படியில்தான் படுக்கிறார், அவன் எழுந்து போய்விடக்கூடாது என்று. அதை அப்படியே ஓ.பி. சீட்டில் எழுதுங்கள். போர்டு மருத்துவர் கெட்டவரல்ல, அவருக்குப் பின்னால் வராந்தா முழுக்க ஜனம். எழுதி வைத்திருந்தால் படிப்பார். “சட்டை போட்டுவிட்டது யாருன்னு கேளுங்க சார்” என்று பக்கத்தில் நின்று சொல்வதற்கும் நீங்கள் போக வேண்டும். அன்றைக்கும் ஓ.பி. எண்ணிக்கை குறையும்.

வார்டில் இருந்து அழைப்பு வரும். சீட்டில் ‘வயிற்று வலி’ என்று இருக்கும். தமிழ்நாட்டில் தினத்தாள் படிக்கிற யாருக்கும் ‘தீராத வயிற்று வலி’ என்றால் என்ன என்று தெரியும். போலீஸும் குடும்பமும் பத்திரிகையும் சேர்ந்து உண்டாக்கிய வியாதி அது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக்கூடாது என்று சொல்லிவிட்டது. 2024 ஜூலை 1-ல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பழைய 309-வது பிரிவே இல்லை. ஆனால் வார்டில் கட்டிலைச் சுற்றி நிற்கும் சித்தப்பாக்களுக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை. “கேஸாயிடுமா தம்பி?” என்றுதான் முதலில் கேட்பார்கள். ஆகாது என்று இரண்டு முறை சொல்லுங்கள். பிறகு அத்தனை பேரையும் காபி சாப்பிட அனுப்புங்கள். ஒருவர் போகமாட்டார், பெரும்பாலும் மாமியார் அல்லது கணவன். அவரிடம் ஏதாவது ஒரு படிவத்தைக் கொடுத்து ஜெராக்ஸ் எடுத்துவரச் சொல்லுங்கள். அரசு ஆஸ்பத்திரியில் ஜெராக்ஸ் என்றால் யாரும் காரணம் கேட்கமாட்டார்கள். கிடைக்கிற பதினைந்து நிமிஷத்தில் கட்டில் ஓரம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, இப்போதும் அந்த எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்டால் எண்ணம் கூடிவிடும் என்று பயப்பட வேண்டாம், கூடாது. போகும்போது 14416 என்ற மனநல உதவி எண்ணைச் சீட்டில் எழுதிக் கொடுங்கள், ராத்திரியிலும் எடுப்பார்கள், செலவில்லை. உங்கள் எண்ணையும் கொடுப்பதா என்பது உங்கள் இஷ்டம். கொடுக்கக்கூடாது என்பது விதி. எல்லோரும் கொடுத்திருப்பார்கள்.

சாயங்காலம், நீங்கள் பையை மாட்டும் நேரமாகப் பார்த்துக் காவல் நிலையத்திலிருந்து ஜீப் வரும். சாலையில் திரிந்த ஒருவர், அழுக்குத் துணி, சடை. மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100-வது பிரிவுப்படி இப்படிப்பட்டவரைப் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிலையத்துக்குக் கொண்டுவர வேண்டும், லாக்கப்பில் வைக்கக்கூடாது. ஏட்டய்யாவுக்கு இது நன்றாகத் தெரியும். அவருக்கு வேண்டியது ஒரு கையெழுத்து. காஷுவால்டிக்கு வேண்டியது, இவர் தங்கள் கேஸ் இல்லை என்பது. வந்தவருக்கு வேண்டியது சோறு. முதலில் சோற்றைக் கவனியுங்கள், மற்ற இரு தரப்பும் அதற்குள் ஒருவரோடொருவர் கத்தி ஓய்ந்துவிடும். சாப்பிட்டவர் ஏதாவது பேசுவார், அது தமிழாக இராது. ஒடிசாவா, வங்காளமா என்று பஸ் ஸ்டாண்டு பரோட்டா கடை மாஸ்டரைக் கூப்பிட்டுக் கேட்டால் சொல்லிவிடுவார். வந்தவர் வாயிலிருந்து ஓர் ஊர்ப் பெயர் வந்தால் போதும், அந்த ஊர் ஸ்டேஷன் நம்பரைத் தேடிப் பிடிக்கலாம். நான்கு வருஷம் முன்பு காணாமல் போன அண்ணனைப் பற்றி மறுமுனையில் ஒருவர் கேட்கும் கேள்விகளைப் பரோட்டா மாஸ்டர் மொழிபெயர்த்துச் சொல்லும்போது, கையெழுத்து வாங்கிய ஏட்டய்யாவும் போகாமல் நின்று கேட்டுக்கொண்டிருப்பார். இதற்கும் கட்டம் கிடையாது.

குடி கேஸில் கணவர் வரமாட்டார், மனைவி வருவார். “குழம்புல கலந்து குடுக்கற மாதிரி மாத்திரை இருக்காமே, அதைக் குடுங்க.” டைசல்பிராம் என்று ஒன்று இருப்பது உண்மை. கணவருக்கே தெரியாமல் கொடுத்து, அவர் போய்க் குடித்தால் வாந்தியும் படபடப்பும் வந்து ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். முடியாது என்று சொல்லி, ஏன் என்றும் விளக்கிவிட்டு ஜன்னல் வழியே பாருங்கள். 2003-லிருந்து சில்லறையில் சரக்கு விற்கும் அதே அரசாங்கத்தின் கடை எதிர்த் தெருவில் இருக்கும். அங்கும் மாதாமாதம் எண்ணிக்கை கேட்கிறார்கள். அவர்களுடையது குறைவதில்லை.

சாமி விஷயத்தில் வாயைக் கொடுக்காதீர்கள். ஏர்வாடி மனநோயாளிகள் காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6 அன்று தீயில் சிக்கி இறந்த 28 பேரும் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள். சங்கிலியைப் பார்த்தால் சட்டத்தைக் கையில் எடுங்கள், 2017 சட்டத்தின் 95-வது பிரிவு அதற்குத்தான். தாயத்தைப் பார்த்தால் விட்டுவிடுங்கள். “கோயிலுக்குப் போறதை நிறுத்து” என்று சொன்ன டாக்டரைத்தான் ஜனம் நிறுத்தும், கோயிலை அல்ல. ஏர்வாடி தர்காவிலேயே மருந்தும் பிரார்த்தனையும் சேர்ந்து நடக்க ஏற்பாடு செய்ததும் இதனால்தான். மனச்சோர்வு மாத்திரை வேலை காட்ட நாலு, ஆறு வாரம் ஆகும் என்று சொன்னால் பத்தாம் நாளே நிறுத்திவிடுவார்கள். “ஒரு மண்டலம் விடாம சாப்பிடுங்க” என்று சொல்லுங்கள். குணசீலம் பெருமாள் கோயிலில் 48 நாள் தங்கியவர்களுக்கு இதைவிட விளக்கம் தேவையில்லை. மண்டலம் முடிந்து வரும்போது நன்றாக இருந்தால் பெருமாளுக்குத்தான் தேங்காய் உடைப்பார்கள். உடைக்கட்டும், உங்களுக்கு ஒரு மூடி வரும்.

அக்டோபர் 10 உலக மனநல நாள். பேரணி உண்டு. நர்சிங் மாணவிகள், ஃபிளெக்ஸ், கொடியசைக்க ஒரு பெரியவர், உறுதிமொழி, சமோசா. போட்டோவில் இடமும் நேரமும் பதிவாகும் ஆப் இல்லாமல் எடுத்த படம் செல்லாது. பெரியவர் பதினொன்றரைக்கு வந்தால் மாணவிகள் ஒன்பதிலிருந்து வெயிலில் நிற்பார்கள், அதில் ஒருத்தி மயங்கி விழுவாள். அவளைப் பார்த்துக்கொள்ளுங்கள், வீட்டில் என்ன பிரச்சினை என்று அப்படியே தெரியவரும். அந்த நாளின் உருப்படியான வேலை அதுவாகத்தான் இருக்கும்.

கடைசியாக உங்களைப் பற்றி. தொகுப்பூதியம். ஒப்பந்தம் வருஷம் முடிந்ததும் புதுப்பிக்கப்படும், அல்லது புதுப்பிக்கப்படும் என்று சொல்லப்படும். நிதி வராத மாதங்களில், நிச்சயமின்மையைத் தாங்கிக்கொள்வது எப்படி என்று மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் பஸ்ஸுக்குச் சில்லறை எண்ணிக்கொண்டு வீட்டுக்குப் போவீர்கள். ஒருநாள் காலை எழுந்திருக்க முடியாது. உடம்பில் ஒன்றும் இராது, ஆனாலும் செருப்பை மாட்ட மனசு வராது. மற்றவருக்கு என்றால் என்ன எழுதுவீர்கள் என்று உங்களுக்குத் தெரியும். மனநோயும் காய்ச்சல், தலைவலி மாதிரிதான், வெளியே சொல்லக் கூச்சப்படாதீர்கள் என்று நீங்களே வாசகம் எழுதிக் கொடுத்த ஃபிளெக்ஸ் ஆஸ்பத்திரி மதிலில் தொங்கிக்கொண்டிருக்கும். லீவ் லெட்டரில் மட்டும் அந்த உண்மையை எழுதிவிடாதீர்கள், ஒப்பந்தம் புதுப்பிக்கிற சமயத்தில் ஃபைலில் கிடக்கும். மூன்று நாள் என்றால் வைரல் காய்ச்சல். ஒரு வாரத்துக்கு மேல் போனால் டைபாய்டு.